இரைச்சலதிகாரம்

எழுப்புவோன் கேளான் ஏனையோர் கேட்ப
வழுப்பட வருவது இரைச்சல் ஆகும்.

என்பது என் நுதலிற்றோ எனின், இருவழி வானொலியில் தோன்றும் இரைச்சலின் பொது இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

பொத்தானை அழுத்திப் பேசுகிற ஹாம் என்னும் அமெச்சூர் வானொலியாளருக்குத் தன் குரலோடு சேர்ந்து கிளம்பும் உறுமலோ கீச்சொலியோ கேட்பதில்லை. அழுத்திய கணத்தில் அவருடைய ரிக் என்னும் வானொலிக் கருவி கேட்கும் வேலையை நிறுத்திவிட்டு அனுப்பும் வேலைக்கு மாறிவிடுகிறது. அனுபவிப்பவர்கள் எல்லாம் எதிர்முனையில். "தன் குறட்டை தனக்குக் கேளாது என்று ஒரு வரியில் முடிப்பதை விட்டு, இதற்கொரு நூற்பா எதற்கு?" என்பார்க்கு, குறட்டை விட மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டியதில்லை, ஹாம் வானொலிக்கு வேண்டும், ஆதலின் நூற்பாவும் வேண்டும் என்க.

தந்திக்காலத்தார் இடையூற்றை இரண்டாக வகுத்தனர். பிற நிலையங்களாலும் மனிதர் செய்கையாலும் ஆவது கியூ.ஆர்.எம்.; இடி மின்னலால் ஆவது கியூ.ஆர்.என். ஐப்பசி மாலையில் நாற்பது மீட்டர் அலைவரிசையைத் திறந்து வைத்தவர்க்குப் பின்னதை விளக்க வேண்டியதில்லை. முன்னதில்தான் உரை வேறுபாடு, அதுவும் மிக்ஸியைப் பற்றி. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிப் பொறி கக்குகிறது. அந்தப் பொறி ரேடியோ அலையாகவே ரிசீவருக்குள் நுழைகிறது. மிக்ஸியின் அலறலோ மைக் வழியாக நுழைகிறது. ஆக, கேட்கும்போதும் கெடுக்கும், பேசும்போதும் கெடுக்கும். மாவரைக்கும் கிரைண்டர் பெரும்பாலும் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரில் ஓடுவது. பொறி இல்லை, மைக் வழியாக மட்டுமே குற்றவாளி. எனவே சட்னியை விரவுத்திணையில் வைத்து, மாவை ஒருதிணையில் அடக்குக. டிரையாக் வைத்த ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் முதலியனவற்றையும் இவ்வாறே வந்துழிக் காண்க.

இவை வெளியிலிருந்து வருவன. தன் ரிக்கிலிருந்தே கிளம்புவதைத்தான் ஹாம்கள் கடைசியாக நினைத்துப் பார்ப்பார்கள். எழுப்புவோன் கேளான் எனவே, யாராவது சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கென்றே ஓர் அளவுகோலும் இருக்கிறது. பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை. சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதற்கு 1 முதல் 9 வரை. 'ஃபைவ் நைன்' என்றால் குறையே இல்லை என்று பொருள். இது விதி. வழக்கோ வேறு.

யார்க்கும் என்றும் ஐம்பத் தொன்பதே;
பேர்க்கொரு வினாவும் பின்னர் எழுமே.

'பின்னர் எழுமே' என்றதனால், "ஃபைவ் நைன் சார், அருமையா வருது... உங்க கால்சைன் மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க" என வருவனவும் கொள்க. புரிவதற்கு முழு மதிப்பெண் போட்டவருக்குக் கால்சைன் என்னும் பெயரே புரியவில்லை என்பது முரண் அன்றோ எனின், அன்று. மதிப்பெண் மனிதருக்கு, வினா குரலுக்கு. இந்த மரியாதையின் நிழலில் எத்தனையோ பவர் சப்ளைகள் ஆண்டுக்கணக்காக உறுமிக்கொண்டே ஓய்வு பெற்றிருக்கின்றன. மூத்த ஹாம் ஒருவர் தயங்காமல் "தம்பி, உன் ஆடியோவில ஹம் இருக்கு" என்றால் தம்பிக்கு முகம் சுருங்கும். சில நாள் அலைவரிசைப் பக்கமே வரமாட்டார். ஆயினும் அந்த ஒரு வாக்கியமே பழுது பார்ப்பதற்கு முதற்கருவி. மீட்டர், ஸ்கோப்பு எல்லாம் அதற்குப் பின்.

சொன்னவர் 'ஹம்' என்றாரா, பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு ரிக்கை கார் பேட்டரியில் ஓட்டிப் பேசுக. ஹம் போயிற்றென்றால் குற்றம் பவர் சப்ளையினது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகளைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் அலையாகத் துடிக்கும். வயதான கெப்பாசிட்டர் அதை அடக்கமாட்டாமல் பேச்சோடு கலக்க விடுகிறது. 'குரல் கொரகொரத்து உடைகிறது' என்றாரா, 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்துப் பார்க்க. தெளிந்தால், தன் ஆன்டெனா அனுப்பிய அலையே மைக் ஒயர் வழியாக வீடு திரும்பித் தன் பேச்சில் தானே குறுக்கிடுகிறது என்று அறிக. ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, மைக் ஒயரில் ஃபெரைட் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். மைக்கைக் கடித்துவிடுகிற நெருக்கத்தில் வைத்து முழங்குவதால் வரும் கரகரப்புக்குச் சோதனையே வேண்டா, கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும். ஆனால் ஃபெரைட் வாங்கச் சம்மதிக்கிற ஹாம் இதற்குச் சம்மதித்ததில்லை.

காரில் பூட்டிய ரிக்குக்குத் தனி இயல்.

மிதிப்ப உயர்ந்து விடுப்பத் தணியும்
அதிர்குரற் கீச்சும் ஆல்டர்னேட் டரதே.

எதிர்முனையில் நண்பர் ஒருவரை இருத்தி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே, பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். எஞ்சினோடு கீச்சொலியின் சுருதியும் ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டரே காரணம். 'ஸ்பார்க் பிளக்காக இருக்கலாகாதோ' எனின், அது பெரும்பாலும் கேட்கும்போது டிக் டிக்கென வரும். மேலும், டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே இல்லை, கீச்சொலி உண்டு. ஆதலின் ஆகாது என்க. மருந்து என்னவெனில், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சோம்பலை விட்டு, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தடித்த ஒயரில் நேரே பேட்டரியிலிருந்து இழுப்பது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைப்பது. அதற்கும் அடங்காததற்கு ஃபில்டர். மெக்கானிக்கிடம் போய் "வண்டி நல்லாத்தான் ஓடுது, நான் பேசினா மதுரையில கீச்சுங்குது" என்று சொல்லலாகாது என்பது இவ்வியலில் உய்த்துணர வைத்தது.

இத்தனையும் செய்தபின் வானத்தின்மேல் பழி சொல்ல உரிமை உண்டோ எனின், உண்டு. முன்னோர் இருமுறை சொல்லியிருக்கின்றனர், இரண்டும் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்னும் ஒரே ஊரில். அட்லாண்டிக் கடந்து பேசும் ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் வேலை பெல் ஆய்வகத்துக் கார்ல் ஜான்ஸ்கியிடம் வந்தது. ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள்மேல் ஆன்டெனாவை ஏற்றிச் சுழலவிட்டு, 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். அருகில் இடிப்பது, தொலைவில் இடிப்பது என இரண்டைப் பிரித்தபின் மெல்லிய 'உஸ்' ஒன்று எஞ்சியது. அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வந்தது. சூரியனின் கணக்கு அப்படி இராது, விண்மீன்களின் கணக்குத்தான் அப்படி. பால்வெளியிலிருந்து, தனுசு மண்டலத்தின் திசையிலிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். நம் பஞ்சாங்கத்தில் அது மூல நட்சத்திரம் இருக்கும் பக்கம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒதுக்குவோர் இதைச் சான்று காட்டாதிருப்பாராக. மூலத்தால் கெட்டது தொலைபேசி மட்டுமே.

அடுத்து 1964-ல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கொம்பு வடிவப் பெரிய ஆன்டெனா ஒன்றில் போக மறுத்த இரைச்சலோடு மல்லுக்கு நின்றனர். உள்ளே புறாக்கள் குடியிருந்தன. புறாவை அகற்றி, எச்சத்தைத் துடைத்தெடுத்தனர், இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்த சூட்டின் எச்சம் அது என்று பிற்பாடு விளங்கி, 1978-ல் நோபல் பரிசு வந்தது. தம் இரைச்சலும் இவ்வினத்ததே என்ற ஆசை ஒவ்வொரு ஹாம் மனத்திலும் உண்டு. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.

புறநடை. மேற்கூறிய விதி எதற்கும் அடங்காதது சிக்கிய பொத்தான். மைக் சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவே நழுவி, பொத்தான் அழுந்தியபடி கிடக்கும். காருக்குள் நடக்கும் பேச்சு, நாத்தனார் வீட்டுச் சீர்வரிசைக் கணக்கு உட்பட, அலைவரிசையில் உள்ள அனைவருக்கும் போகும். முதல் நூற்பா இங்கேதான் முழு வலிமை பெறுகிறது: ரிக் அனுப்பிக்கொண்டே இருப்பதால், "ஓ.எம்., உங்க மைக் ஆன்ல இருக்கு" என்று எத்தனை பேர் கத்தினாலும் அவருக்கு எட்டாது. கேட்டதைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகப் போனால் அதன் டைமர் சில நிமிடத்தில் வாயை அடைக்கும். நேரடி அலைவரிசையில், ரிக்கிலும் டைமர் வைத்திராவிட்டால், செல்போனில் கூப்பிடுவது ஒன்றே வழி. கூப்பிட்டால் அவருடைய ரிங்டோன் அலைவரிசை முழுக்க ஒலிக்கும். "அந்த ரேடியோக்காரர்தான், எடுக்காதீங்க, எடுத்தா வைக்கவே மாட்டார்" என்று அவர் மனைவி சொல்வதும், கூப்பிட்டவரின் ரிக்கில் துளி இரைச்சல் இல்லாமல் கேட்கும்.