தாளில் இருக்கும் அரபி

கொடுங்கையூரிலிருந்து வளைகுடாவுக்கு வெல்டராகப் போகிறவரிடம் பாஸ்போர்ட், மெடிக்கல், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் கேட்பார்கள். அரபி வாசிப்பாரா என்று மட்டும் கேட்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகமோ 1927 முதல் அரபி, பாரசீகம், உருதுவுக்கென ஒரு துறையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அங்கே சொல்லித்தருவது ஏட்டு அரபி, துபாய்க் கடைத்தெருவில் அதை யார் பேசுகிறார்கள், இந்தியே போதுமே என்பார்கள். பேச்சுக்குப் போதும்தான். ஆனால் சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தின் இரு மொழி வாசகங்கள் முரண்பட்டால் அரபி வாசகமே செல்லும். அதைக் கடைத்தெருப் பேச்சில் எழுதுவதில்லை. சாட்சாத் அந்த ஏட்டு அரபியில்தான். பழங்கவிதையைப் பதம் பிரிக்கிற எம்.ஏ. மாணவர், ஓவர்டைம் ஷரத்தையும் பிரித்துவிடுவார். அவர் படிப்பை மத விஷயம் என்று ஒதுக்கிவிட்டு, வலமிருந்து இடமாக ஓடும் தாளில் நாம் பெருவிரலை வைக்கிறோம். ரேகைக்குத் திசை இல்லாதது ஒரு வசதி.