சக்கரமில்லாத தேரும் டிராக்டர் சம்பந்தியும்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் செதுக்கிய பல்லவன் விவரமானவன். ஒன்றுக்கும் சக்கரம் வைக்கவில்லை. சக்கரம் இருந்தால்தானே "பிக்கப் எப்படி?" என்று எவனாவது கேட்பான்? ஆயிரத்து முந்நூறு வருஷமாக ஒரு புகாரும் இல்லை.

1985-இல் அதே செங்கல்பட்டுச் சீமையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. இங்கிலாந்து ரோவர் எஸ்டி1-இன் உடம்பை வாங்கி, 'ஸ்டாண்டர்டு 2000' என்று மாப்பிள்ளை அழைப்பு நடத்தினார்கள். இங்கிலாந்தில் அதே உடம்புள்ள ரோவர் 3500-க்கு எட்டு சிலிண்டர், 155 குதிரை. நம்ம மாப்பிள்ளைக்கு நாலு சிலிண்டர், 83 குதிரை. மீதி 72 எங்கே இறங்கின என்று பழைய துறைமுகமான சதுரங்கப்பட்டினத்து அந்தக்கால டச்சுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எஞ்சினின் குலம் 1940-களின் வேன்கார்டு கார். ஒரு சகோதரன் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதான். 1991 சிசி கொண்ட இன்னொருவன் டிரையம்ப் டிஆர்2-வில் ஏறி, 1953-இல் பெல்ஜியத்து ஜாபெக் சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் பறந்தான். ஒரே ரத்தம், வித்தியாசத்தில் எடைக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பெரும் பங்கு.

ஆக்ஸிலுக்குள், எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்டின் நுனியிலுள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்குப் பத்துப் பல், அது சுற்றும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு நாற்பது என்றால், ஷாஃப்ட் நாலு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. இந்த விகிதம் கூடினால் இழுவை கூடும், அதற்கு எஞ்சின் அலறும். குறைந்தால் ஓட்டம் சொகுசு, கிளம்புவது மட்டும் அடிமேல் அடி வைத்து அம்மி நகர்ந்த கதை. டிராக்டர் ஆக்ஸிலில் இந்த விகிதம் மிக அதிகம். அதனால்தான் அத்தனை பெரிய டயரையும் அது சுற்றுகிறது, மணிக்கு இருபது கிலோமீட்டரில்.

புதுப்பட்டினத்து இளவட்டங்கள் இதைக் கேட்பதில்லை. அழகுக்காக டயரைப் பத்து சதவீதம் பெரிதாக்குவார்கள். நாலு என்ற விகிதம் 3.64 ஆனதற்குச் சமம். பழைய இழுவை வேண்டுமானால் ஆக்ஸிலை 4.4-க்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் அப்பா மௌனவிரதம். இதற்கிடையில் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் போலீஸ்காரரிடம் பல் கணக்குச் சொல்லிப் பாருங்களேன்.

ஸ்டாண்டர்டு 2000-க்கு எந்தக் கணக்கும் உதவவில்லை. டன்னுக்கு மேற்பட்ட உடம்பு, நம் சாலைக்காக உயர்த்திய இடுப்பு, பழைய எஞ்சின். 1988 வாக்கில் உற்பத்தி ஓய்ந்தது. பல்லவன் மாடல் மட்டும் இன்னும் ஷோரூமில் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.