சிற்றூர் லாட்ஜில் சும்மா தங்குதல்: கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் கோயில்களைப் பற்றி ஆய்வு உண்டு. கோயிலுக்குப் போகிற வழியைப் பற்றி உண்டு. வழியில் விற்கிற சுண்டலைப் பற்றிக்கூட யாராவது முனைவர் பட்டம் வாங்கியிருக்கக்கூடும். கோயிலுக்குப் போனவர் ராத்திரி எங்கே படுத்தார் என்று மட்டும் கேட்பாரில்லை. சத்திரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், ராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும், இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரமும் ஆய்வேடுகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் சத்திரத்தில் வாடகை கிடையாது. அட்வான்ஸ் கட்டி, ஆதார் நகல் கொடுத்து, ஒரு வாளியும் ஒரு மக்கும் உள்ள அறையில் தமிழர் தங்கிய வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இத்தாலிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அசிசி, ஒர்வியேத்தோ, பெருஜா என்று குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய ஊர்களில் பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட சிறு ஹோட்டல்கள் உண்டு. அவற்றின் அமைதியைப் பற்றிப் போய்வந்தவரெல்லாம் எழுதுகிறார்கள். கல் சுவர், மரச் சன்னல், கீழே ஆலிவ் தோப்பு, சர்ச் மணியைத் தவிர வேறு சத்தமில்லை. பார்க்கப்போனால் இதெல்லாம் நம்மிடமும் இருக்கிறது, ஆலிவும் குன்றும் நீங்கலாக. மேற்கே திரும்பி நின்றால் மலைத்தொடரே தெரியும்.

ஆய்வுக் களம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பருக்கு முந்திய ஆவணங்களைப் பார்ப்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் தேட வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் சாலையில் வடக்கே போனால் கரிவலம்வந்தநல்லூர். பஸ் கண்டக்டர் வாயில் வெறும் ‘கரிவலம்’. யானை வலம்வந்து வழிபட்ட தலம் என்பது புராணம். சுவாமி பால்வண்ணநாதர், அம்பாள் ஒப்பனையம்மாள், தலமரம் களா, பக்கத்தில் நிட்சேப நதி. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம்.

இந்த ஐந்தும்தான் நம் பிரச்சினையின் வேர். ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று என்றைக்கு ஒரு வேன் டிரைவர் கண்டுபிடித்தாரோ, அன்றைக்கே இந்த வட்டாரத்தில் தங்கல் என்ற கலை செத்தது. நெருப்புக்கு முக்கால் மணி நேரம், காற்றுக்கு அரை மணி நேரம் என்று பூதங்களுக்கே நேரம் ஒதுக்கிவிடுகிறார்கள். ராத்திரிக்குச் சங்கரன்கோவில் லாட்ஜ். ஆகவே கரிவலத்தில் தங்க வேண்டிய தங்கலெல்லாம் சங்கரன்கோவிலில்தான் நிகழ்கிறது. இவ்வாய்வாளரும் அங்கேதான், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், மாடியில் ஓர் அறை எடுத்தார். லாட்ஜின் பெயரைச் சொல்வதற்கில்லை. ஆய்வு அறம் அப்படி.

முதல் சான்று வரவேற்பு மேசையிலேயே கிடைத்தது. தங்குவோர் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், தொழில், வந்த நேரம், அடுத்துப் போகும் இடம் என்று கட்டங்கள் போட்டிருந்தன. ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் பக்கத்தின் உச்சியில் ‘கோயில்’ என்று எழுதி, அதன் கீழே கடைசி வரி வரைக்கும் மேற்படிக் குறிகள், எறும்புச் சாரை போல. ஒரே ஒரு இடத்தில் ‘கலியாணம்’. இவ்வாய்வாளர் பேனாவை எடுத்தபோது நடந்த உரையாடலை உள்ளபடியே தருகிறோம்.

“என்ன சோலியா வந்திய, சார்?”

“சும்மாதான் அண்ணாச்சி. தங்கிட்டுப் போலாம்னு.”

“கோர்ட்டு கேசு எதுவும் உண்டுமா?”

“இல்ல. சும்மா.”

“சும்மான்னு போட்டா ஸ்டேசன்ல ஆயிரம் கேள்வி கேப்பாவ. கோயிலுன்னு போடுங்க.”

மேற்படிக் குறி போட்டோம். இந்த இடத்தில்தான் ஆய்வின் மையக் கருத்து உதித்தது. இந்த வட்டாரத்தில் தங்குவதற்காக யாரும் வருவதில்லை; வந்த இடத்தில் தங்குகிறார்கள். இத்தாலியிலும் 1931-ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதிக்காரர் தங்குவோர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அந்த மலையூர்களில் ‘சும்மா வந்தேன்’ என்பது செல்லுபடியாகும் காரணம். ஊரின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. பல நகராட்சிகள் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தங்கல் வரி வேறு வாங்குகின்றன. நம் நாட்டில் 2022 ஜூலை வரை நாள் வாடகை 1000 ரூபாய்க்குள் இருந்தால் அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அரசாங்கத்தின் கண்ணுக்கே அது தங்கலாகப் படவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

இனி அமைதி. சிறு லாட்ஜ் அமைதியாக இருப்பதற்குக் காரணம் சுவரின் கனம் என்பது ஒரு சாரார் கட்சி. அவர்கள் பக்கத்து அறையில் யாரும் இருமிக் கேட்டதில்லை போலும். மின்விசிறியின் சத்தம் மற்றச் சத்தங்களை விழுங்கிவிடுகிறது என்பது இன்னொரு சாரார் கட்சி. இதில் கொஞ்சம் உண்மை உண்டு; ஆனால் அந்த மின்விசிறிக்கான சுவிட்சைக் கண்டுபிடிக்க முதலில் பலகையில் உள்ள அத்தனை சுவிட்சையும் தட்டிப் பார்க்க வேண்டும், ஒன்று வராந்தா விளக்கை அணைத்து வெளியே யாரையாவது திட்ட வைக்கும். மூன்றாவதாக இக்கட்டுரை முன்வைக்கும் விளக்கம் இது: நடை திறந்திருக்கும்போது தங்கியவர்கள் கோயிலில் இருக்கிறார்கள், நடை சாத்தியிருக்கும்போது தூங்குகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் லாட்ஜில் பேச ஆள் இல்லை. நண்பகலிலிருந்து நாலு மணி வரை சங்கரன்கோவில் மாடி வராந்தாவில் நின்று பார்த்தால் கொடியில் காயும் வேட்டிகளைத் தவிர அசைவு இராது. எங்கோ விசைத்தறி ஓடுகிற சத்தம் மட்டும் ஒரே சீராக வரும், அதைச் சத்தம் என்று இந்த ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்தாலிய மலையூர்களிலும் சிறு தேவாலயங்கள் மதியம் கதவைச் சாத்தி மாலையில்தான் திறக்கும், கடைகளும் அப்படியே. ஆக, உலகெங்கும் லாட்ஜ் அமைதியின் உற்பத்தியாளர் பகல் தூக்கம் போடுகிற கடவுள்தான்.

விடிகாலை நாலு மணிக்கு இந்த விதி செல்லாது. “தண்ணி வந்துட்டு! பிடிச்சு வச்சிக்கிடுங்க!” என்று ஒரு குரல் கதவுகளைத் தட்டிக்கொண்டே போகும். தண்ணீர் விஷயத்தில் இத்தாலியைக் கண்டு நாம் பொறாமைப்படத் தேவையில்லை. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து ஒர்வியேத்தோவில் தங்கினார். குன்றின் மேல் தண்ணீருக்கு என்ன செய்வது என்று ஒரு மாபெரும் கிணறு வெட்ட உத்தரவிட்டார். இறங்குகிற கழுதையும் ஏறுகிற கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாதபடி இரட்டைச் சுருள் படி, ஒவ்வொன்றிலும் 248 படிகள். வேலை முடிந்தது 1537-இல். போப் காலமானது 1534-இல். தங்கியவர் அறையைக் காலி செய்த பிறகே தண்ணீர் வரும் என்ற விதி அன்றைக்கே இயங்கியிருப்பது நம் ஆய்வுக்குப் பெரிய பலம்.

இப்போது ஆய்வின் இதயப் பகுதிக்கு வருகிறோம். அறைக் கண்ணாடி.

சிறு லாட்ஜின் கண்ணாடி முகம் பார்ப்பதற்காக மாட்டப்பட்டது என்பது மேலோட்டமான கருத்து. அது ஒரு கல்வெட்டு. ஸ்டிக்கர் பொட்டு என்ற எழுத்தில், பெண்கள் மட்டுமே வெட்டுகிற கல்வெட்டு. சாந்துப் பொட்டும் குங்குமமும் கோலோச்சிய காலத்தில் இந்தச் சான்று கிடைக்க வழியில்லை. சாந்து துடைத்தால் போய்விடும். முதுகில் பசையோடு ஸ்டிக்கர் பொட்டு வந்த பிறகுதான் தங்கல் வரலாறு ஆவண யுகத்துக்குள் நுழைகிறது.

நாம் ஆராய்ந்த கண்ணாடியில் வலப்புற மரச்சட்டத்தை ஒட்டி மெரூன் நிற வட்டங்கள் வரிசையாக இருந்தன. நடுத்தர அளவு, நடுத்தர வயது. அவற்றுக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் சிறு கறுப்புப் புள்ளிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எட்டும் உயரம். ஒரு மூலையில் நெளிந்த பாம்புப் பொட்டு ஒன்று, கல் உதிர்ந்து, வாலில் ஒரு கல் மட்டும் மின்னிக்கொண்டு. புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருகிற ஊரில் பாம்புப் பொட்டு கிடைத்ததில் வியப்பில்லை என்றாலும், அந்த மோஸ்தர் போய் எத்தனையோ காலமாகிறது என்பதால் கண்ணாடியின் வயதை ஒருவாறு கணிக்க முடிகிறது. சில இடங்களில் பொட்டு இல்லை, பசை வளையம் மட்டும். அதில் தூசி படிந்து சாம்பல் நிற வட்டமாக இருந்தது. சிதைந்த கல்வெட்டு என்று துறையில் சொல்வது இதைத்தான்.

பொட்டுகளை இருவகையாகப் பிரிக்கலாம். குளியலறைக் கதவிலும் டைல்ஸிலும் இருப்பவை மறதிப் பொட்டுகள்: குளிக்கும்போது கழற்றி ஒட்டி, ஈரத்தலையோடு வெளியே வந்ததும் நினைவிலிருந்து நழுவியவை. கண்ணாடியில் இருப்பவை சேமிப்புப் பொட்டுகள். “இன்னும் ஒரு நாளைக்கு ஒட்டும்” என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டவை. பிறகு கோயிலுக்கு என்று புதுசு ஒன்றை அட்டையிலிருந்து உரித்து வைத்துக்கொண்டு, கீழே வேன் ஹார்ன் அடிக்க, பழசை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு சேமிப்புப் பொட்டும் ஒரு டிரைவரின் அவசரத்துக்குச் சாட்சி. கட்டில் தலைமாட்டுப் பலகையிலும் சில உண்டு. அவை தூக்கக் கலக்கத்தில் ஒட்டப்பட்டவை. விளிம்பு கோணலாக இருப்பதைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம்.

ஆண்கள் தரப்புச் சான்று மிகக் குறைவு. கட்டிலை ஒட்டிய சுவரில், சாய்ந்து உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், தேங்காய் எண்ணெய் வட்டம் ஒன்று. சன்னல் திண்டில் துருப்பிடித்த பிளேடு, மடித்த பேப்பரில் திருநீறு. அவ்வளவுதான். பதிவேட்டில் பெயர் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அறையில் எழுதிவிட்டுப் போனவர்கள் பெண்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒப்பனையம்மாள் குடியிருக்கிற வட்டாரத்தில் வேறு எப்படி இருக்கும்?

நல்ல இத்தாலிய ஹோட்டலில் இந்த ஆய்வே சாத்தியமில்லை. முந்தைய விருந்தாளி இருந்த அடையாளத்தை ஒரு தலைமுடி மிச்சமில்லாமல் துடைப்பதையே அங்கே பெருமையாகக் கருதுகிறார்கள். முன்பின் யாருமே தங்காத அறையில் தனியாகப் படுப்பதற்குப் பெயர் அமைதியா என்பது விவாதத்துக்குரியது. இங்கே விளக்கை அணைத்தால் கண்ணாடி ஓரத்தில் ஒரு குடும்பமே கண் சிமிட்டும். நமக்கு அது துணை.

ஆனால் இந்தச் சான்றுகளின் ஆயுள் நிச்சயமில்லை. ஆடித்தபசு வருவதற்கு முன் லாட்ஜுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். பழைய பேப்பரைக் கசக்கி, தண்ணீர் தெளித்து, ரூம் பாய் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் ஒரு வருஷத்து மெரூன் போயிற்று. தபசு நாட்களிலோ ஆய்வுக்கே இடமில்லை. கோமதியம்மனுக்குச் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிற அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே தலை; வராந்தா, படிக்கட்டு, மண்டபம், கடைத் திண்ணை எல்லாம் அறைதான். நம் அமைதிக் கோட்பாடு அந்த ஒரு வாரத்துக்கு விடுமுறை எடுத்துக்கொள்கிறது.

ஆவணம் அழிவது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. உ.வே.சாமிநாதையர் கரிவலத்துக்கு வந்ததே ஏடு தேடித்தான். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கருவையம்பதியில் இருந்த வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆசையாக வந்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகமப்படி அக்கினியில் ஆகுதி செய்தாயிற்று என்று பதில் கிடைத்தது. ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அவர் மனம் பட்ட பாடு தெரியும். நெருப்புத் தலத்தில் ஏடு நெருப்புக்குப் போயிற்று. மண் தலத்தில் பொட்டு குப்பைக் கூடைக்குப் போகிறது. பிந்தையதையாவது கல்வெட்டுத் துறையினர் வெள்ளையடிப்புக்கு முன் வந்து படி எடுத்துப் போகலாம்.

வரதுங்கராமரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. திருக்கருவை அந்தாதிகளைப் பாடியவர் அவரா, அதிவீரராம பாண்டியரா என்ற வழக்கு இன்னும் புலவர்களிடையே நடக்கிறது. அதில் நாம் தலையிடவில்லை. நமக்கு வேண்டியது, இந்த வட்டாரத்தில் வந்து தங்கி, திரும்பிப் போகாதவர் என்று சான்றோடு காட்டக்கூடியவர் அவர் என்பதே. பிள்ளையில்லாத அவருக்குப் பால்வண்ணநாதரே ஆண்டுதோறும் திதி கொடுப்பதாகத் தல மரபு.

இதை லாட்ஜ் மேனேஜரிடம் விளக்கினோம். கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பம் ரூமைக் காலி பண்ணவே இல்லையா?”

“இல்ல அண்ணாச்சி. சொத்தெல்லாம் கோயிலுக்குப் போயிட்டுது.”

“அதானே பாத்தேன். அட்வான்ஸ்ல கழிச்சிருப்பாவ.”