மெரினாச் சுண்டற் பொட்டலம்: மூலபாட ஆய்வுக்கு ஒரு முன்னுரை

கடற்கரை அங்காடி என்பது, கடல் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அக்கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தின்பண்டம் வாங்கும் மணற்பரப்பு என்று இங்கே வரையறுக்கப்படுகிறது. ஆய்வுக் களம் சென்னை மெரினா. ஆராய்ந்தோர் திருவெறும்பூர் மரபினர். காவிரிப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு, திருவல்லிக்கேணியில் குடியிருப்போர் கடலைத் திரும்பியும் பார்ப்பதில்லையாதலின், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து இறங்குவோரின் சாட்சியமே நடுநிலையானது என்று அம்மரபினர் விடையிறுப்பர்.

அங்காடியின் தோற்றத்தை விளக்கப் புகுந்தோர், 1884ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலைக்கு மெரினா என்று பெயர் சூட்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். இது மேலோட்டமான பார்வையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, ஆண்டின் பெரும்பகுதியும் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு அவற்றின் தென்புறம் தேங்கியது, மணல் தேங்கவே கரை அகன்றது, கரை அகலவே சாலையிலிருந்து அலைவரை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று, நடக்கவே பசித்தது, பசிக்கவே சுண்டல் தோன்றிற்று. ஆகவே தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலின் மூலகர்த்தாக்கள் துறைமுகப் பொறியாளர்களே என்பது பெறப்படும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுதாகத் தொல்காப்பியம் எற்பாட்டைச் சொல்லியிருக்க, அது பொழுது சாயும் நேரமா, விடியும் நேரமா என்று அறிஞர்கள் பிணங்கியதுண்டு. அவர்களுள் ஒருவரேனும் பிற்பகல் நான்கு மணிக்குக் கடற்கரையில் வந்து நின்றிருப்பின் பிணக்கு தீர்ந்திருக்கும். வெயிலில் மணலும் நகரமும் கடல்நீரைவிட விரைந்து சூடேற, அவற்றின் மேலுள்ள காற்று இலேசாகி உயர, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையேறுகிறது. அக்காற்றின் பின்னே குடும்பங்களும், குடும்பங்களின் பின்னே சுண்டல் தூக்குகளும் வந்து சேர்கின்றன.

அங்காடியின் ஏனைய பிரிவுகள் விரிவான ஆய்வுக்கு உரியன அல்ல. மிளகாய் பஜ்ஜியைப் பொறுத்தவரை, உயரழுத்தக் கொதிகலன் செய்யும் ஊரினர் என்ற உரிமையில் திருவெறும்பூர் மரபினர் எண்ணெய்ச் சட்டியின் வெப்பம் குறித்துத் தனிநூல் எழுதப்போவதாக அச்சுறுத்தியுள்ளனர். பலூன் சுடும் துப்பாக்கி நேராக இல்லை. குதிரையில் ஏறியவர் இறங்கலாம். கிளி சீட்டை எடுக்கும் முறையும் ஆய்வாளர் மேற்கோளை எடுக்கும் முறையும் ஒன்றே.

இனிப் பொட்டலம். பழந்தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சுண்டல் நிரப்பித் தருவது பொட்டலம் எனப்படும். தின்றபின் தாளை எறிவது பாமரர் வழக்கம். விரித்துப் படிப்பது புலமை மரபு. இவ்வாய்வுக்குக் கிடைத்த தாள் ஏதோவொரு பள்ளியின் வரலாற்றுத் தேர்வு விடைத்தாளாகும் (பொட். 1). அதில் கல்லணையைக் கட்டியவர் யாரெனச் சொல்லும் வரியில், பெயர் வரவேண்டிய இடத்தை மாங்காய்த் துண்டின் ஈரம் அழித்துவிட்டது (பொட். 1, மடிப்பு 2). அப்பெயர் சுண்டற்காரர் உட்பட அனைவரும் அறிந்ததேயெனினும், அறிந்ததைக் கொண்டு நிறைவடைவது ஆய்வின் இயல்பன்று. ஈரத்தின் அகலம் 'கரிகாலன்' என்னும் ஐந்தெழுத்துக்கே இடம் தரும் என்று ஒரு சாராரும், 'கரிகாற்சோழன்' என்னும் ஏழெழுத்துக்கும் தரும் என்று மற்றொரு சாராரும் பிரிந்தனர். மாணவரின் கையெழுத்து பொடியானது என்றனர் ஏழெழுத்தார், மாங்காய்த் துண்டு பெரியது என்றனர் ஐந்தெழுத்தார் (பொட். 1, மடிப்பு 2, எண்ணெய்க் கறைக்கு மேல், கடுகுக்கு இடப்புறம்). மாணவர் அவ்விடத்தை வெறுமனே விட்டிருந்தார் என்றும், தாளின் கீழோரத்தில் சிவப்பாகத் தெரியும் வட்டம் அவர் பெற்ற சுழியம் என்றும் மூன்றாமவர் ஒருவர் கூறியது, மிக எளிதாக இருந்தமையால் உடனே மறுக்கப்பட்டது. அவ்வட்டம் மையன்று, மிளகாய்த்தூளே என மறுப்புரையும், மறுப்புக்கு மறுப்பும், இரண்டையும் தொகுத்த பதிப்புக்கு அணிந்துரையும் எழுந்தன (பொட். 1, மடிப்பு 4, கறைக்குக் கீழ், பட்டாணித் தோல் ஒட்டிய பக்கம், தோலை நீக்கிப் பார்க்க). நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சுண்டற்காரர் சொன்ன யோசனை, முனைவர் பட்டம் பெறாதவரின் கருத்தாதலால் அடிக்குறிப்பிலும் சேர்க்கப்படவில்லை.

சான்றுத்தாள் பாதுகாப்புக் கருதித் திருவெறும்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தேவர்கள் எறும்புருக் கொண்டு வழிபட வந்தபோது, அவர்கள் ஏறுவதற்கு வசதியாக இறைவன் புற்றாகிச் சற்றே சாய்ந்தும் கொடுத்தான் என்பது அவ்வூர் எறும்பீஸ்வரர் கோயிலின் தலவரலாறு. அவ்வளவு பரம்பரை உடைய எறும்புகள் தேங்காய் மணத்தைப் பின்பற்றி வந்து, தாளின் கீழ்ப்பாதியை ஒரே இரவில் அரித்துத் தீர்த்தமையால், ஓலைச்சுவடி தின்ற கரையானுக்கு நிகரான இடம் அவற்றுக்கும் ஆய்வுலகில் கிடைத்துள்ளது. சிவப்பு வட்டம் இருந்த பகுதி அதோடு போய்விட்டதால், இரு சாராரும் இனி அச்சமின்றி எழுதலாம்.