இடதுகால் ஸ்டாப்பர் தேவை

கத்திரி வெயில் முடிந்த இரண்டு மூன்று நாளில் திருவண்ணாமலை வேங்கிக்காலில் இன்னொரு சூடு கிளம்பும். மே 31-ஆம் தேதியோடு இந்தியக் கால்பந்து வீரர்கள் பலரின் ஒப்பந்தக் கெடு முடிகிறது. அதற்குள் அடுத்த கிளப் அமையாதவர் ஃப்ரீ ஏஜென்ட். அவரை எடுக்கப் பழைய கிளப்புக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. இந்த ஒரு விதிதான் எங்கள் தம்பியைக் கெடுத்தது.

தம்பிக்கு இ-சேவை மையத்தில் வேலை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுவருகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். பகலில் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பட்டா மாறுதல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலூர் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அதே முகபாவத்தோடு செர்பியாவின் இரண்டாம் டிவிஷனைச் சரிபார்ப்பான். டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளம் அவனுக்குப் பஞ்சாங்கம். பிறந்த தேதி, உயரம், எந்தக் கால், கடைசியாக இருந்த கிளப், காயம்பட்ட நாள்கள் எல்லாம் அதில் இருக்கும். முழங்கால் காயம் இரண்டு முறை வந்திருந்தால் செவ்வாய் தோஷம். ஜாதகத்தை மூடிவிடுவான்.

"நமக்கு ஒரு லெஃப்ட் ஃபுட் சென்டர் பேக் வேணும்ணா, இடதுகால் ஸ்டாப்பர்."

வீட்டில் கேஸ் வேண்டும் என்று அவன் அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

இந்த 'நமக்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு தன்மைப் பன்மை வைத்திருக்கும் மொழி நம்முடையது. சென்னையின் எஃப்சி ஜெயித்தால் தம்பிக்கு 'நாம ஜெயிச்சோம்'. தோற்றால் 'அவனுங்க தோத்துட்டானுங்க'. ஆள் எடுக்கிற பருவத்தில் மட்டும் இரவு பகல் 'நாம'தான். அந்த நாமுக்குள் கிளப்பின் உரிமையாளர்களான அபிஷேக் பச்சனும் தோனியும் இருக்கிறார்கள். டீ ஆற்றுகிறவரும் இருக்கிறார். கேட்காமலே என்னையும் சேர்த்துவிட்டான்.

பெஞ்சின் மறுமுனையில் கலெக்டர் ஆபீஸ் அண்ணன். கணக்குப் பிரிவு. எதற்கும் ஒரு ஆட்சேபணைக் குறிப்பு வைத்திருப்பார்.

"ஃப்ரீன்னா ஃப்ரீ இல்ல தம்பி. அவன் கிளப்புக்குக் குடுக்கிற காசை அவனே கேட்பான். கையெழுத்துக்கு ஒரு தொகை, ஏஜென்ட்டுக்குக் கமிஷன், சம்பளம் வேற. மாமனார் சும்மா குடுத்த பழைய காரு மாதிரி. இன்சூரன்ஸ் யாரு கட்றது? எஃப்சி யாரு காட்றது?"

"எஃப்சிக்குத்தானே ஆள் எடுக்கிறோம்?"

"அதான் சொல்றேன். எஃப்சிக்கு வர்ற ஆளு முதல்ல எஃப்சி காட்டணும்."

ஓய்வுபெற்ற பி.டி. சார் தொண்டையைச் செருமினால் போஸ்மன் வரப்போகிறார் என்று அர்த்தம். பெல்ஜியத்துக்காரர். 1990-இல் ஒப்பந்தம் முடிந்து பிரான்சின் டன்கெர்க் அணிக்குப் போகக் கிளம்பினார். லியேஜ் கிளப், பணம் வராமல் விடமாட்டேன் என்றது. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது அவர் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. அவர் திறந்த கதவு வழியாகத் தடுப்பாளர் ராமோஸ் போனார், தியாகோ சில்வா போனார். பிரேசில்காரரான சில்வா 2020-இல், 35 வயதில், சல்லிக்காசு இல்லாமல் செல்சிக்கு வந்து அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். "கதவைத் திறந்தவன் வெளியவே நின்னுட்டான்" என்று சார் முடிப்பார். இருபது தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் டீ ஆறிப்போகிறது.

கணக்கு அண்ணன் என்ன ஆட்சேபித்தாலும் தம்பியிடம் ஒரே ஒரு பதில் உண்டு. அதற்கு மறுபதில் இந்தப் பெஞ்சில் யாரிடமும் கிடையாது.

"நெஸ்டா வந்தாரேண்ணா?"

வந்தார் என்பது உண்மை. அதுதான் சிக்கல். 2014-இல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீகின் முதல் சீசன். சென்னையின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக மார்கோ மட்டராஸி. பெயரைச் சற்று வேகமாகச் சொன்னால் மதராஸி என்றே விழும். அப்போது அவருக்கு 41 வயது. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிதான் தலையால் முட்டினாரே, அந்த நெஞ்சு நேரு ஸ்டேடியத்தில் நம் கண்முன்னால் ஓடியது. போதாதென்று, சீசன் பாதியில் அலெஸாண்ட்ரோ நெஸ்டாவையும் அவர் அழைத்துவந்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்த மனிதர். வயது 38. உலகமே கையெடுத்துக் கும்பிட்ட தடுப்பாளர்.

இதற்குள் ஒரு கிளைக்கதை உண்டு. அந்த 2006 உலகக் கோப்பையில் செக் அணியோடு ஆடும்போது நெஸ்டா காயம்பட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கியவர்தான் மட்டராஸி. இறங்கிய சிறிது நேரத்தில் தலையால் ஒரு கோலும் போட்டார். நெஸ்டாவுக்கு அன்று அடிபடாமல் இருந்திருந்தால் ஜிதான் வேறு யாரையாவதுதான் முட்டியிருக்க வேண்டும். அந்த இருவரும் எட்டு வருஷம் கழித்துச் சென்னைப் புழுக்கத்தில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். தம்பி அப்போது காலேஜ். திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு விடியற்காலையில் திரும்பினான். கல்லூரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னான். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

நெஸ்டா ஆடியது சில ஆட்டங்கள்தான். அந்த ஆண்டு பட்டியலில் முதலிடம் பிடித்த அணி, அரையிறுதியில் கேரளத்திடம் வெளியேறியது. கொச்சியில் மூன்று கோல் வாங்கி, சென்னையில் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் 117-ஆவது நிமிடம் ஒரு கோலை விட்டார்கள். இதைச் சொன்னால் தம்பி காது கேட்காதவன் மாதிரி கண்ணாடி கிளாஸையே பார்ப்பான். அவனுக்கு வேண்டியது கோப்பைகூட இல்லை. கிளப் இல்லாத பெரிய மனிதர் ஒருவர் ஒருநாள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்க முடியும் என்ற நிரூபணம்தான். ஒருமுறை நடந்துவிட்டது. இனி அவனை யார் திருத்த முடியும்? 2024 கோடையில் ராமோஸும் இன்னொரு தடுப்பாளரான ஹம்மல்ஸும் கிளப் இல்லாமல் இருந்தபோது அவன் தூங்கவேயில்லை. ஹம்மல்ஸ் ரோமா போனார். ராமோஸ் மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு மெக்சிகோ போனார். "நம்மாளுங்க ஒரு போன் போட்டிருக்கலாம்" என்றான். போட்டுக் கேட்காதவர்கள்மேல் இன்றுவரை அவனுக்கு வருத்தம்.

தடுப்பாளர்மேல் ஏன் இத்தனை பிரியம் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் பந்து தெரியாதவனைத்தான் 'பேக்'கில் நிறுத்துவார்கள். அதைவிடத் தெரியாதவன் கோலி. நான் பேக். வலதுகாலில் அடித்தால் பந்து ஏரிப்பக்கம் போகும் என்பதால் இடதுகாலில் அடிக்கப் பழகினேன். அப்படிப்பட்ட வேலைக்கு 2018 மார்ச் 17 அன்று மரியாதை கிடைத்தது. பெங்களூருவில் ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. எதிரணி பெங்களூருவின் சேத்ரி ஒன்பதாவது நிமிடமே கோல் போட்டுவிட்டார். பதிலுக்கு மைல்சன் ஆல்வஸ் என்ற பிரேசில் ஸ்டாப்பர் இரண்டு முறை எம்பித் தலையால் முட்டினார். 3-2, கோப்பை சென்னைக்கு. அன்று ராத்திரி முதல், பேக் ஆடியவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. தம்பிக்கும் அன்று முதல்தான், ஸ்டாப்பர் என்றால் கோலும் போட வேண்டும் என்ற பேராசை. ஒரே ஆளிடம் மைல்சனின் தலை, நெஸ்டாவின் கால், மட்டராஸியின் முறைப்பு, அதிலும் இலவசமாக.

களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் நிற்கலாம். அந்த நான்கில் எத்தனை இடம் பின்வரிசைக்கு என்று தொடங்கினால் டீக்கடைக்காரர் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். ஒன்று போதும் என்பது அண்ணன். இரண்டு என்பது தம்பி. நால்வரும் பேக்காக இருந்தால் கோல் யார் போடுவது என்று சார் கேட்பார். "கோல் வாங்காம இருந்தா போதும் சார்" என்பான். போன சீசனின் காயம் பேசுகிறது என்று விட்டுவிடுவோம்.

பெஞ்சில் உட்காராமல் சைக்கிளில் சாய்ந்தபடி டீ குடிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவர். கால்பந்து பார்த்ததில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இந்த ஆளுக்கு இன்னா வேலைப்பா?"

"வர்றவனை நிறுத்துறதுதான் தாத்தா."

"அப்ப நம்ம வேலை." கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வடம் புடிக்கிறவன் ஆயிரம் பேரு. கட்டை போடுறவன் நாலு பேரு. தேரு நல்லா ஓடுனா வடம் புடிச்சவன் புண்ணியம். செவுத்துல ஏறுனா கட்டை போட்டவன் பாவம். அது கெடக்கட்டும். நீ பாத்து வெச்சிருக்கியே ஒருத்தன், அவன் சக்கரம் வர்றதுக்கு முன்னாடி கட்டை வைப்பானா, வந்தப்புறம் வைப்பானா?"

தம்பி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். உயரம் இருந்தது, எடை இருந்தது, மஞ்சள் அட்டைக் கணக்கு இருந்தது. அதற்கு மட்டும் கட்டம் இல்லை.

இந்தக் கூட்டத்தை மிரட்டிய காலம் என்றால் 2025தான். ஜூலையில் ஐஎஸ்எல் லீகையே நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பர் 8-இல் முடிந்தது. மலைமேல் தீபம் பதினோரு நாள் எரியும் அல்லவா, அது அணைவதற்குள் ஒப்பந்தம் அணைந்துவிட்டது. "இப்ப லீகே ஃப்ரீ ஏஜென்ட்" என்று அண்ணன் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கிளப் இல்லாத ஆளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, ஆள் சேர்க்கக் கிளப்பே இருக்குமா என்று தெரியாத நிலை. தம்பி அந்த நாள்களில் பட்டா மாறுதல் மனுக்களை அசுர வேகத்தில் முடித்தான். ஊருக்கு நல்லதுதான். 2026 பிப்ரவரியில் ஒருவழியாகப் பந்து உருண்டது. மனுக்கள் மறுபடி தேங்கின.

போன வாரம் கடை மூடும் நேரம். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீங்க பேக்தானே ஆடுனீங்க?"

"ஆமா."

"எந்தக் கால்?"

"இடது."

கணக்கு அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

"இப்ப எந்த டீம்லயும் இல்லியே?"

"இருபது வருஷமா இல்லப்பா."

"வயசு?"

"நாற்பத்தொண்ணு."

"மட்டராஸிக்கு அப்போ நாற்பத்தொண்ணுதான்" என்றான் மெதுவாக, தனக்குத்தானே. பார்வை தலையிலிருந்து இறங்கி நடுவில் கொஞ்சம் தங்கியது. நான் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று கேட்காதீர்கள்.

"காயம் எதாச்சும்?"

"மாடிப்படி ஏறுனா வலது முட்டி லேசா..."

தம்பி செல்போனைத் திருப்பிக்கொண்டு செர்பியாவுக்குப் போய்விட்டான்.