கேளாத் தட்டே விலை பெறும்: இசைத்தட்டு விலையியலில் ஒரு முன்னாய்வு

பழைய இசைத்தட்டின் விலை எதனால் அமைகிறது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. பாட்டின் அருமையால் என்பர் ரசிகர். தட்டின் வயதால் என்பர் பரணில் நாலு தட்டு வைத்திருப்போர். ஆளைப் பார்த்துத்தான் என்பர் கடைக்காரர். முதல் இரண்டும் பிழை. மூன்றாவது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் ஓர் ஆய்வேட்டை நிரப்பும் அளவுக்கு அதில் சொற்கள் இல்லை. ஆகவே நான்காவது விடை ஒன்றை இங்கே துணிகிறேன். மாணாக்கர் நெட்டுரு செய்ய ஏதுவாக நூற்பாவாகவே யாத்திருக்கிறேன்:

கேட்ட தட்டுத் தேயும்; தேய்ந்தது மலியும்;
கேளாத் தட்டே விலைபெறும் என்க.

இதன் கருத்து: ஒரு தட்டுக்கு நாம் கொடுக்கும் பணம், அதை முன்னால் வைத்திருந்தவர் கேட்காமல் இருந்ததற்கான கூலி. பாட்டுக்கு அதில் பங்கில்லை.

சான்றுகளை இயற்பியலிலிருந்து தொடங்குவோம். 78 சுற்றுத் தட்டை அரக்குத் தட்டு என்கிறோம். அதில் அரக்கு சிறு பங்குதான், பெரும்பகுதி கல்பொடி. அந்தப் பொடி சேர்ந்தது மலிவுக்காக மட்டுமன்று. எஃகு ஊசி தட்டில் இறங்கியதும் முதல் சில சுற்றுகளிலேயே பொடி அதன் முனையை அரைத்து, பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு ஊசியின் முறை: அது தட்டை அரைக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் பாரத்தை அந்த ஊசிமுனையில் ஏற்றி உட்கார்ந்திருக்கும். இன்றைய நல்ல பிளேயரில் அந்தப் பாரம் இரண்டு கிராம் அளவே. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கம்பெனி விதித்த விதி. ஊசி டப்பா விலை கொடுத்து வாங்கியது என்பது நம் வீடுகள் கண்ட விதி. ஆக, ஒருவர் ஒரு பாட்டை விரும்பி நூறு முறை கேட்டார் என்றால், அதை நூறு முறை ராவினார் என்றே பொருள். இசைத்தட்டைப் பொறுத்தவரை ரசனையும் அரமும் ஒரே கருவி.

இங்கே ஓர் இடைப்பிறவரல். வினைல் தட்டைத் துடைக்கும் பழக்கத்தில் அரக்குத் தட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்போர் உளர். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அதை நம்பித்தான் கதவுக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போடும் தொழிலே நடக்கிறது. தட்டு ஒருமுறை பளபளக்கும், பிறகு பாடாது. தண்ணீர் போதும், லேபிள் நனையாமல்.

அடுத்து, தர நிர்ணயச் சொற்கள். உலகம் முழுதும் சேகரிப்பாளர் ஏற்றுக்கொண்டது அமெரிக்க இதழான கோல்ட்மைனின் அளவுகோல். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று அது இறங்கும். நியர் மின்ட் தட்டின் விலையில் பாதிதான் வெரி குட் பிளஸுக்கு. கால்தான் வெரி குட்டுக்கு. 'குட்' என்றால் நூற்றுக்குப் பத்து பதினைந்து. மனை விளம்பரத்தில் 'பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரம்' என்பதற்கு என்ன பொருளோ, தட்டு வியாபாரத்தில் 'குட்' என்பதற்கும் அதுவே பொருள். கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஏழு படிகளில் எந்தப் படியும் பாடியவரைப் பற்றிப் பேசவில்லை. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரே அச்சு. கேட்டவனின் கை பட்டதற்கேற்ப விலை பத்தில் ஒன்றாகிறது. நூற்பா இங்கேயே நிறுவப்பட்டுவிட்டது எனலாம். ஆயினும் கட்டுரை பாதிதான் வந்திருக்கிறது.

தமிழகச் சான்றுக்குச் செல்வோம். 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யைவிட அதிகம் கேட்கப்பட்ட தட்டு நம் பக்கத்தில் உண்டா என்பது ஐயம். அதனாலேயே எந்தப் பழைய தட்டுக் கடையிலும் அது அடுக்காகக் கிடக்கும். எடுத்து நீட்டினால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதே கடையில், வெளியான வாரமே பெட்டிக்குள் சுருண்டுவிட்ட ஒரு படத்தின் இ.பி.யைத் தொட்டுப் பாருங்கள். "சார், அது வேற. அதை அப்படியே வைங்க" என்று குரல் மாறும். அந்தப் படத்தை அன்று யாரும் பார்க்கவில்லை; பாட்டை யாரும் வாங்கவில்லை; அச்சடித்ததே கொஞ்சம். அன்றைய தோல்வி இன்றைக்கு 'ரேர்' என்ற பட்டத்துடன் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியிருக்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனத் தட்டு திருவிழாதோறும் குழாய் கட்டி ஒலித்ததாயிற்றே, அதற்கும் நல்ல விலை சொல்கிறார்களே, இது எப்படி? தடை வலுவானதுபோல் தோன்றும். தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். சவுண்ட் சர்வீஸிலிருந்து வந்த தட்டு என்றால் லேபிளில் கடையின் ரப்பர் முத்திரை இருக்கும். இருட்டில் தேடி எடுக்க மையால் பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும். தட்டின் கறுப்பில் ஒரு வளையம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். படத்தில் ஏழைப் புலவன் தருமி புலம்புகிற இடம் அது. ஊர் மக்கள் கேட்டுக் கேட்டு, ஆபரேட்டர் ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைத்ததன் தழும்பு. இந்தத் தட்டுக்கு விலை இல்லை. விலை சொல்லப்படுவது, கோயில் பக்கமே போகாத எவரோ வாங்கி உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டிய தட்டுக்கு. தடை விலகியது.

எண்பதுகளின் இளையராஜா எல்.பி.க்கள் இன்று விலை ஏறியிருப்பதும் இதே விதிப்படிதான். அந்தப் பாட்டுகளைக் கேட்காத காது கிடையாது. ஆனால் கேட்டதெல்லாம் கேசட்டில். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் தேய்ந்தது நாடா. தட்டு தப்பியது. சிந்தசைசர் ஒலிக்காக அவற்றைத் தேடும் வெளிநாட்டு டி.ஜே.க்கள், நம் கேசட் கடைக்காரர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சென்னையில் பழைய பொருள்கள் விற்ற மூர் மார்க்கெட்டை இங்கே குறிப்பிடாவிட்டால் ஆய்வேடு மதிப்பெண் பெறாது. 1985 மே மாதம் அது எரிந்தபோது எத்தனை தட்டுகள் உருகின என்று எவரும் எண்ணவில்லை. ஆனால் இன்று எந்தத் தட்டுக்கு விலை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருந்தாலும், "இதெல்லாம் மூர் மார்க்கெட்ல போயிடுச்சு சார்" என்கிறார்கள். தீக்குப் பிறகு பிறந்த தட்டுகளுக்கும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடல் கடந்த சான்றுகளில் மூன்று போதும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்று, கிராமபோன் பெட்டி செய்து விற்றுவந்தது. பெட்டி விற்க வேண்டுமே என்று பாரமவுண்ட் என்ற பெயரில் தட்டும் போட்டது. மட்டமான கலவை, இரைச்சல் அதிகம், பின்னால் பொருளாதார மந்தம் வேறு. அதில் டாமி ஜான்சன் பாடிய ப்ளூஸ் தட்டு ஒன்றை வாங்க ஆளில்லை. 2013இல் அதன் ஒரு பிரதி இணைய ஏலத்தில் 37,100 டாலருக்குப் போனது. 

இரண்டாவது சான்று இன்னும் தூயது. பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்பம்' 1968இல் எண் அச்சிட்டு வெளிவந்தது. அதில் 0000001 எண்ணுள்ள பிரதி டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது. அவர் அதை லண்டன் வங்கிப் பெட்டகத்தில் 35 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. தட்டில் வாசித்தவரே கேட்காமல் இருந்தால் கிடைக்கும் தொகை இது என்று கொள்க.

மூன்றாவது ஒரு கருத்துக்கணிப்பு. 2016இல் பிபிசிக்காக பிரிட்டனில் எடுத்தது. வினைல் வாங்கியவர்களில் 48 விழுக்காட்டினர் வாங்கிய தட்டை இன்னும் ஒருமுறைகூடப் போடவில்லை என்றார்கள். 7 விழுக்காட்டினரிடம் போட்டுக் கேட்க இயந்திரமே இல்லை. முன்னவரைப் பயிலும் மாணாக்கர் என்றும், பின்னவரைச் சித்தி பெற்றோர் என்றும் வகுக்கலாம்.

நம் நாட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு விந்தை. பிரிட்டனில் 78 சுற்றுத் தட்டு 1960 வாக்கில் நின்றுவிட்டது. இங்கே மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுக்கும் பெட்டிகள்தான் இருந்தன. அதனால் கல்கத்தாவின் டம் டம் ஆலை, அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் பீட்டில்ஸையும் அரக்கில் அச்சடித்தது. சாவி கிராமபோன் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பீட்டில்ஸ் கேட்பவர்கள் அல்லர். பீட்டில்ஸ் கேட்டவர்களிடம் மின்சாரம் இருந்தது. இருவருக்கும் நடுவில் விழுந்த தட்டு இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. நூற்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நானே புனைந்திருக்க முடியாது.

இனி எஞ்சியிருப்பது எதிர்க்கொள்கை ஒன்றே. அதைப் பழைய பேப்பர்காரர் கோட்பாடு என்று அழைக்கலாம். கேட்டதா, கேளாததா, மின்ட்டா, புவரா என்ற பாகுபாடு எதையும் அது ஏற்பதில்லை. தராசு ஒன்றே அதன் அளவை. சேகரிப்பாளர் வெளியூர் போயிருந்த ஒரு பகலில், அவர் மனைவி பரணை ஒழித்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத தட்டுகளாகவே ஒரு கட்டு இறக்கிவைத்தார். பேப்பர்காரர் ஒன்றை உருவி, உள்ளிருந்ததை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அட்டைக்கு ரேட்டு இருக்குக்கா. உள்ள இருக்கற கறுப்பை எடுக்க மாட்டாங்க. அதை நீங்களே வெச்சுக்குங்க."