மாமா பதில்கள்: கீழ்ப்பாக்கம் போஸ்டிங் ஸ்பெஷல்

மூன்றாம் ஆண்டு மாணவி, வானகரம்
கே: மாமா, பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். அடுத்த வாரம் கீழ்ப்பாக்கம் போஸ்டிங். கேட்டதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.
ப: சிரிக்கட்டும் மருமகளே. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற சர்ஜன் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922-ல் 'அசைலம்' போய் 'மனநோய் மருத்துவமனை' ஆனது, 1978-ல் 'இன்ஸ்டிடியூட்' ஆனது. இருநூறு வருஷத்தில் போர்டு மாறிக்கொண்டே இருக்கிறது. நம் சொந்தக்காரர்களின் ஜோக் மட்டும் மாறவில்லை.

டீக்கடை பெஞ்ச், மதுரவாயல்
கே: மனநலம் படிக்க வானகரம் ஒரு இடமா?
ப: விடியற்காலை மீன் மார்க்கெட், பகலெல்லாம் பைபாஸ் ஹாரன், நடுநடுவே அரசியல் கட்சிப் பொதுக்குழு. 2022 ஜூலை 11 அன்று இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த அ.தி.மு.க. பொதுக்குழுவை நீங்களும் டி.வி.யில் பார்த்தீர்கள்தானே? செய்முறைப் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது!

பிளஸ் டூ அப்பா, ஆவடி
கே: இதற்கும் நீட் எழுத வேண்டுமா?
ப: தமிழ்நாட்டில் இதுவரை பிளஸ் டூ மார்க்தான். பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது.

அதே அப்பா (விடமாட்டேன் என்கிறார்)
கே: நேராக மனநல நர்சிங் டிகிரியே சேர முடியாதா?
ப: பிரிட்டனில் முடியும். சேரும்போதே 'மனநலம்' என்று தனிப் பிரிவு. நம் ஊரில் நாலு வருஷம் ஊசி, பிரசவம், குழந்தை வார்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் பார்க்க வேண்டும். அதற்குள் மனநலமும் ஒரு பாடம். அப்புறம் கவுன்சிலில் பதிவு, ஒரு வருஷம் அனுபவம், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எம்.எஸ்சி.யில் மனநலச் சிறப்புப் பாடம். உடம்பைப் புரிந்துகொண்டுதான் மனசைத் தொட விடுவார்கள். காதலில் மட்டும்தான் இது தலைகீழ்.

குழப்பத்தில் ஒரு குடும்பத் தலைவி, முகப்பேர்
கே: சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ். மூன்று பேருக்கும் என்ன வித்தியாசம்?
ப: முதல் ஆள் மருந்து எழுதுவார். இரண்டாம் ஆள் பேசிப் பேசி முடிச்சை அவிழ்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு "சிஸ்டர், தூக்கம் வரல" என்று கூப்பிட்டால் எழுந்து வருகிறவர் மூன்றாம் ஆள்.

ரெக்கார்டு நோட்டுடன் மல்லுக்கட்டுபவள், அயனம்பாக்கம்
கே: 'புராசஸ் ரெக்கார்டிங்' என்று உயிரை எடுக்கிறார்கள். நோயாளி சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டுமாம். எதற்கு மாமா?
ப: ஹில்டகார்ட் பெப்ளாவ் என்று ஒரு அமெரிக்க அம்மா. நர்சுக்கும் நோயாளிக்கும் இடையில் உண்டாகிற உறவே மருந்து என்று 1952-ல் புத்தகம் போட்டார். ஊசி போட்டால் சிரிஞ்சைச் சோதிக்கலாம். இங்கே சிரிஞ்சே நீதானே, உன்னைச் சோதிக்க வேறு வழி?

"கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று எழுதியிருப்பாயே, அங்கே சிவப்பு மை விழுந்திருக்கும். கைவசம் இல்லாத உத்தரவாதத்தைக் கொடுத்தால் அது பொய் ஆறுதல். கல்யாண வீட்டிலும் காரிய வீட்டிலும் நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் வசனம், பரீட்சையில் பூஜ்யம்!

"ஏன் இப்படிச் செய்தீங்க?" என்றும் கேட்கக் கூடாது. 'ஏன்' என்றதுமே எதிராளி கூண்டில் ஏறிவிடுவார், சாக்குச் சொல்லத்தான் வாய் திறக்கும். "அப்போ என்ன நடந்தது?" என்று கேட்டுப் பார், கதை வரும். (இந்த விதியை வீடுகளுக்கும் நீட்டித்தால் தமிழ்நாட்டு அப்பாக்களுக்குப் பேசவே ஒன்றும் இருக்காது.)

மூன்று நாள் பட்டினி, நொளம்பூர்
கே: மௌனமும் ஒரு சிகிச்சை முறையாமே? என் மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை.
ப: நோயாளிக்கு யோசிக்க இடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது சிகிச்சை. அடுப்பங்கரையில் பாத்திரம் விழும் சத்தத்தோடு வந்தால் அது அறிக்கை. காபி போட்டுக் கொண்டு போங்கள்.

ஒரு அம்மா, அம்பத்தூர்
கே: பையன் சேரலாமா? முரட்டு நோயாளியை அடக்க உடம்பு வேண்டுமே?
ப: தாராளமாகச் சேரலாம், 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரண்டு பேருக்குமே கதவு வழி அடைபடக் கூடாது. அவர் குரல் ஏற ஏற, இவன் குரல் இறங்க வேண்டும். ஜிம் கட்டணம் மிச்சம்.

தங்கை, திருவேற்காடு
கே: அண்ணன் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு யோகா மாஸ்டர்.
ப: மாஸ்டரை மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் மனநோய்க்குப் பயன்படும் என்று காட்டிய பொருள் லித்தியம். வேதியியலில் சோடியத்துக்குப் பங்காளி. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் ஏமாந்துபோய் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், வாந்தி பேதி வந்தாலும் இதே கதைதான்.

கை வெடவெடவென்று நடுங்கினால், நடை தள்ளாடினால், வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் லித்தியம் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும், மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான். உப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வாயால் வரட்டும். மனநல நர்ஸ் வெயிலையும் ஊறுகாயையும் விசாரிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வார்டில் முதல் வாரம், நெற்குன்றம்
கே: மாத்திரை கொடுத்தபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். அவமானமாக இல்லையா?
ப: மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைப்பது வெற்றிலை போட்ட பரம்பரைக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கேட்கிற தொனியில்தான் மானம் இருக்கிறது.

சினிமா ரசிகர், பூந்தமல்லி
கே: கரண்ட் ஷாக் கொடுக்கும்போது அப்படித் துள்ளுவார்களா?
ப: சினிமாவில் மயக்க மருந்துக்குப் பட்ஜெட் இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கவே கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். வெறும் வயிறா என்று பார்ப்பதும், பல்செட்டைக் கழற்றி வைப்பதும், கண் விழித்ததும் "இது ஆஸ்பத்திரி, இன்று செவ்வாய்க்கிழமை" என்று சொல்வதும் நர்ஸ். ஹீரோயினுக்கு இதில் வேலை இல்லாததால் படத்தில் வராது.

வாசகர், ஐயப்பன்தாங்கல்
கே: கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய்க் கட்டிப்போட்டால் குணமாகும் என்கிறார்களே?
ப: 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்ததால் நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று அதே 2017 சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு மாமாவிடம் ஜோக் இல்லை.

பெயர் வேண்டாம், போரூர்
கே: ராத்திரியானால் மனசு என்னவோ செய்கிறது. யாரிடம் பேசுவது?
ப: 14416. டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். பத்திரிகையை மூடிவிட்டு இப்போதே கூப்பிடுங்கள்.

பெருமை தேடுபவள், மாங்காடு
கே: இந்தத் துறையில் சொல்லிக்கொள்ளும்படி பெண்கள் யாராவது?
ப: 1961-ல் கீழ்ப்பாக்கத்துக்கே தலைமை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன். 1984-ல் மனச்சிதைவு நோய்க்கான 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்று இரண்டு இளம் பெண்கள், தெருவில் திரிந்த பெண்களுக்காக 'பான்யன்' ஆரம்பித்தார்கள். வானகரத்திலிருந்து முகப்பேருக்குப் போனால் பார்க்கலாம். ரொம்ப தூரம் இல்லை, டிராஃபிக்தான் அப்படிக் காட்டும்.

பெண்ணைப் பெற்றவள், காட்டுப்பாக்கம்
கே: மகள் எம்.எஸ்சி. மனநல நர்சிங். பெண் பார்க்க வந்தவர்கள் "அந்த வார்டா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று போனார்கள். பத்து நாள் ஆச்சு.
ப: அவள் பஜ்ஜித் தட்டோடு வந்து உட்கார்ந்தபோதே எம்.எஸ்.ஈ. எடுத்து முடித்திருப்பாள், அம்மா. மனநிலைப் பரிசோதனை. தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவது. கடைசிக் கட்டம் 'இன்சைட்': தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று தனக்கே தெரிகிறதா? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதில் என்ன போட்டாள் என்று கேட்டுப் பாருங்கள்.